உழவு இயந்திரத்தின் கிளச்சுத் தேய்வும் எஞ்சின் எண்ணெய்க் கசிவும்

பெரும்போகத்து முதல் மழை விழுந்து நிலம் பதமானவுடன் உழவை முடித்தல் வேண்டும் என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். வடக்கிலும் கிழக்கிலும் வானத்தை நம்பி நெல் விதைப்போருக்கு இப்பதம் சில நாட்களே நிற்கும். அந்நாட்களில் உழவு இயந்திரம் வரம்போரத்தில் நின்றுவிடுமாயின், அதன் சொந்தக்காரருடைய வயல் மட்டுமன்றி அவ்வியந்திரத்தை நம்பியிருக்கும் அயலவரின் வயல்களும் பிந்தும். பிந்தி விதைத்த பயிர் இளமையிலேயே வெள்ளத்தில் அகப்படுகின்றது. அல்லது கதிர் முற்றுமுன் மழை நின்றுபோகின்றது. பழைய நான்கு சில்லு உழவு இயந்திரங்களை இவ்வாறு பருவத்தின் நடுவில் நிறுத்திவிடும் கோளாறுகளுள் கிளச்சுக் கோளாறு முக்கியமானது.

பலவிடங்களிலும் நிகழ்வது பின்வருமாறு: ஐப்பசி மாதத்தில் கலப்பையை நிலத்தில் இறக்கியதும் எஞ்சின் இரைகின்றது, இயந்திரமோ நகரவில்லை. “கிளச்சு எரிந்துவிட்டது” என்று கராச்சில் கூறுகின்றனர். இயந்திரத்தை இரண்டாகப் பிரித்துப் புதிய கிளச்சுத் தட்டொன்றை இட்டு மூடிக் கொடுக்கின்றனர். கமக்காரர் கடன்பட்டுப் பணம் செலுத்துகின்றார். அடுத்த போகம் வருமுன்னரே அதே இரைச்சலும் அதே வழுக்கலும் மீண்டும் தோன்றுகின்றன. புதிய தட்டு தரமற்றது என்று அவர் எண்ணுகின்றார். உண்மையில் தட்டு நல்லதாகவே இருந்திருக்கலாம். முதற் தட்டைக் கெடுத்த எஞ்சின் எண்ணெயே இரண்டாந் தட்டையும் கெடுத்தது. எண்ணெய் வந்த வழியை எவரும் அடைக்கவில்லை. தட்டின் விலையைவிடப் பிரித்துப் பூட்டும் கூலியே பாரமானது. அதனை இரு முறை கொடுக்க நேர்ந்ததே இங்கு உண்டான நட்டம்.

இவ்விலங்கையில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் மாசி பேர்குசன் 35, 135 ஆகிய வகைகளை மனத்திற் கொண்டு இப்பாடம் எழுதப்பட்டுள்ளது. 135 வகை 1964 ஆம் ஆண்டு முடிவில் அறிமுகமாகி 1975 வரை இங்கிலாந்தில் உற்பத்தி செய்யப்பட்டது. இதிலும், 35 வகையின் பிற்கால இயந்திரங்களிலும் உள்ளது பேர்க்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் ஆகும். சென்னையில் 1960 இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனமும் இதே வழிவந்த இயந்திரங்களைச் செய்து வருகின்றது. வேறு வகை இயந்திரங்களை வைத்திருப்போர் அளவுகளைத் தத்தம் கைந்நூலிற் பார்த்துக்கொள்ளல் வேண்டும். கோளாற்றை அறியும் முறை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

கிளச்சு வேலை செய்யும் விதம்

எஞ்சினின் பின்புறத்தில் பிளைவீல் எனப்படும் பாரமான சில்லு சுழல்கின்றது. அதன் முகத்தோடு, இரு பக்கமும் உராய்வுப் பட்டை பொருத்திய மெல்லிய தட்டொன்று ஒட்டி நிற்கின்றது. அமுக்கத் தட்டு என்னும் இரும்பு வளையம் பலமான சுருள்விற்களின் உதவியால் இத்தட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கின்றது. மிதியைக் காலால் அமுக்கும்போது பெயாரிங் ஒன்று முன்னே சென்று மூன்று விரல்களைத் தள்ள, அமுக்கத் தட்டு பின்வாங்கி நடுத்தட்டை விட்டுவிடுகின்றது. அப்போது எஞ்சின் சுழன்றாலும் கியர்ப்பெட்டிக்கு வலு செல்லாது.

மேற்கூறிய இயந்திரங்கள் பலவற்றில் இரட்டைக் கிளச்சு உண்டு. மிதியைப் பாதி அமுக்கினால் ஓட்டம் நிற்கும். முற்றாக அமுக்கினால் பீ.ரீ.ஓ. என்னும் வலுவெடுப்புத் தண்டும் அதனால் இயங்கும் ஐதரோலிக் தூக்கியும் நிற்கும். எனவே இரு தட்டுக்களில் எது தேய்ந்தது என்பதையும் அறிதல் வேண்டும். இயந்திரம் நன்றாக ஓடியும் சூடு அடிக்கும் இயந்திரத்தைப் பூட்டியவுடன் பீ.ரீ.ஓ. தளர்ந்து நிற்குமாயின், பழுது இரண்டாந் தட்டிலேயே உள்ளது எனச் சந்தேகிக்கலாம்.

கிளச்சு அழுத்திப் பிடிப்பது உராய்வினால் மட்டுமே. ஆகவே உராய்வுப் பட்டையில் எண்ணெய் படுவது, வழுக்கும் வரம்பில் வெறுங்காலோடு நடப்பதை ஒக்கும்.

வழுக்குதல்

வழுக்கல் திடீரெனத் தோன்றுவதில்லை. முதலில் பாரம் ஏற்றிய பெட்டியுடன் மேட்டில் ஏறும்போதோ, மரக்கறி மூடைகளுடன் உயர்ந்த கியரிற் செல்லும்போதோ எஞ்சினின் இரைச்சல் கூடி வேகம் கூடாதிருக்கும். பின்னர் சட்டிக் கலப்பையை ஆழ இறக்கும்போது அவ்வாறாகும். இறுதியில் வெறும் இயந்திரமே நகர மறுக்கும். எரிந்த றப்பர் போன்ற நாற்றம் எழுமாயின் பட்டை கருகிக்கொண்டிருக்கின்றது என்பது பொருள். அந்நிலையில் “இந்த ஒரு பாத்தியை முடித்துவிடுவோம்” என்று ஓட்டுபவர், தட்டோடு பிளைவீலின் முகத்தையும் கெடுத்துக்கொள்கின்றார்.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்றுண்டு. இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் ஆள் இல்லாதவாறு பார்த்து, இரு பிறேக்குகளையும் இறுகப் பிடித்துக்கொள்ளல் வேண்டும். மிக உயர்ந்த கியரை இட்டு, எஞ்சினை மிதமான வேகத்தில் வைத்து, மிதியை மெல்ல விடுக. கிளச்சு நல்லதாயின் எஞ்சின் திணறி நின்றுவிடும். நிற்காது சுழன்றுகொண்டே இருப்பின் கிளச்சு வழுக்குகின்றது. இச்சோதனையை ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை மட்டுமே செய்யலாம். ஒவ்வொரு முறையும் பட்டை சிறிது தேய்கின்றது. இயந்திரத்தை மரத்திலே சங்கிலியாற் பிணைத்துத் தாழ்ந்த கியரிற் சோதிப்பது உயிருக்கு ஆபத்தானது. முன்புறம் மேலெழுந்து ஓட்டுநர் மீதே கவிழ்ந்துவிடக்கூடும்.

வழுக்குகின்றது என்று உறுதியானதும் உடனே இயந்திரத்தைப் பிரிக்கத் தொடங்கலாகாது. முதலில் மிதியைக் கையால் அமுக்கிப் பார்த்தல் வேண்டும். விரல்களைப் பெயாரிங் தொடுமுன்னர் மிதி சிறிது தூரம் பாரமின்றி நகருதல் அவசியம். இதனை வெறும் நகர்வு என்பர். பட்டை தேயத் தேய இந்நகர்வு குறைந்துகொண்டே போகும். அது முற்றாக மறைந்த பின் பெயாரிங் எப்பொழுதும் விரல்களை அமுக்கிக்கொண்டே நிற்கும். சுருள்விற்களின் முழுப்பலமும் தட்டுக்குக் கிடையாது. நல்ல பட்டையுள்ள கிளச்சும் இக்காரணத்தால் வழுக்கும். வெறும் நகர்வைக் கைந்நூல் கூறும் அளவுக்குச் சரிசெய்தலே இதற்கு மருந்து. அதற்கு ஒரு சாவியும் கால் மணி நேரமும் போதும். இவ்வளவோடு தீர்ந்துபோகும் கோளாற்றுக்காகப் பிரிக்கப்படும் இயந்திரங்களும் உள.

சரிசெய்த பின்னும் வழுக்குமாயின் மூன்று காரணங்கள் எஞ்சுகின்றன: பட்டை முற்றாகத் தேய்ந்திருத்தல், சுருள்விற்கள் சூட்டினால் தளர்ந்திருத்தல், பட்டையில் எண்ணெய் படிந்திருத்தல். சரிசெய்யும் ஆணி கடைசி வரை சென்றுவிட்டதாயின் பெரும்பாலும் முதலாவது காரணமே. எண்ணெயா என்பதைக் கிளச்சுக் கூட்டின் அடியிலுள்ள துவாரம் கூறும். அதனைப் பின்னர் பார்ப்போம்.

விடாது பற்றுதலும் ஓசைகளும்

வழுக்குவதற்கு நேர்மாறான கோளாறு, மிதியை அமுக்கியும் தட்டு விடுபடாமை ஆகும். கியரை இடும்போது பற்கள் கறகறவென்று மோதும். மிதியை முற்றாக அமுக்கிச் சில விநாடி பொறுத்துப் பின்னோட்டக் கியரை இடுக. ஓசையின்றி விழுந்தால் நன்று. மோதினால் வெறும் நகர்வு அளவுக்கு மிஞ்சியுள்ளதா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். அது சரியாயின் தட்டு வளைந்திருத்தல், தட்டு நகரும் தண்டின் பள்ளங்களில் துரு ஏறியிருத்தல், பிளைவீலின் நடுவிலுள்ள சிறு பெயாரிங் இறுகியிருத்தல் ஆகியவற்றுள் ஒன்றாகும்.

இக்கோளாற்றைச் சிலர் பொருட்படுத்துவதில்லை. கியரைப் பலவந்தமாக இட்டு ஓட்டுகின்றனர். பீ.ரீ.ஓ. தட்டும் இவ்வாறு பற்றி நிற்கக்கூடும் என்பதை அவர்கள் நினைத்தல் வேண்டும். சூடு அடிக்கும்போது வைக்கோல் சிக்கினால் மிதியை அமுக்கிவிட்டுக் கையை நீட்டுபவர் கையையே இழக்க நேரிடும். எஞ்சினை நிறுத்திச் சில்லுகள் யாவும் ஓய்ந்த பின்னரே எதனையும் தொடலாம். கிளச்சு நன்றாயிருக்கும் இயந்திரத்துக்கும் இவ்விதி பொருந்தும்.

சேற்றுழவு செய்யும் இயந்திரங்களுக்கு உரிய தொல்லை ஒன்று உண்டு. ஆழ்ந்த சேற்றில் இறங்கும்போது கூட்டின் அடித்துவாரத்தினூடாக நீர் உட்புகும். போகம் முடிந்து இயந்திரம் மாதக்கணக்காகக் கொட்டிலில் நிற்கையில், ஈரமான தட்டு பிளைவீலோடு துருவினால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் எஞ்சினை நன்கு சூடேற்றி நிறுத்தி, மிதியை அமுக்கிக் கட்டி ஓரிரவு விட்டுவைத்தால் சிலவேளைகளில் விடுபடும். ஒட்டாமற் காப்பது இதனிலும் எளிது: நீண்டநாள் நிறுத்தும்போது மிதியை முற்றாக அமுக்கி, அது மேலெழாதவாறு மரத்துண்டொன்றால் முட்டுக்கொடுத்து வைத்தாற் போதும்.

ஓசையைக் கொண்டும் பலவற்றை அறியலாம். மிதியில் கால் வைத்தவுடன் சீறும் ஓசை எழுந்து, காலை எடுத்ததும் மறைந்தால், தேய்ந்தது விரல்களைத் தள்ளும் பெயாரிங் ஆகும். கியரை இட்டு மிதியை அமுக்கி வைத்திருக்கும்போது மட்டும் கீச்சிடுமாயின் பிளைவீலின் நடுப்பெயாரிங்கைச் சந்தேகித்தல் வேண்டும். ஓட்டும்போது காலை மிதியின் மீதே இளைப்பாற வைத்திருக்கும் பழக்கம் முதலாவது பெயாரிங்கையும் பட்டையையும் ஒருங்கே கொல்லும். வரம்பைக் கடக்கும்போது பாதிக் கிளச்சில் ஊர்ந்து செல்வதும் அத்தகையதே. தாழ்ந்த கியர்கள் இருப்பது அதற்காகவே.

எண்ணெய் எங்கிருந்து வருகின்றது

கிளச்சுக் கூட்டின் அடியில் சிறு துவாரம் ஒன்று உண்டு. அதில் தளர்வாக ஒரு பிளவாணி தொங்கும். எஞ்சின் அதிரும்போது அது ஆடி, துவாரம் சேற்றினால் அடைபடாது காக்கும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் அவ்வாணி எப்போதோ விழுந்துவிட்டது. துவாரமும் சேறும் கிறீசும் சேர்ந்து கல்லாகிவிட்டது. இந்நிலையில் உள்ளே கசியும் எண்ணெய் வெளியேற வழியின்றித் தேங்கி, பிளைவீலினால் அள்ளப்பட்டுப் பட்டையில் தெளிக்கப்படுகின்றது. ஆதலால் இன்றே செய்யத்தக்க முதல் வேலை, எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு கம்பியால் இத்துவாரத்தைக் குத்தித் திறப்பதாகும்.

திறந்தவுடன் விழுவதை வெள்ளைக் கடதாசியில் ஏந்திப் பார்க்க. நீர் விழுந்தால் சேற்றுழவின் எச்சம். கரியதாகவும் ஐதாகவும் உள்ள எண்ணெய் எஞ்சினிலிருந்து வந்தது. டீசல் எஞ்சினின் எண்ணெய் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். தேன் நிறமாக, அல்லது நீர் கலந்து பால் போன்று இருப்பது கியர்ப்பெட்டியிலிருந்து வந்தது. அங்கு பழுதானது கியர்ப்பெட்டித் தண்டின் சீல் ஆகும். இவ்விரண்டையும் பிரித்தறியாது எஞ்சின் சீலை மாற்றிவிட்டுப் பூட்டினால் மறுபடியும் பிரிக்க நேரும்.

கரிய எண்ணெய் வருகின்றது என்பதனால் கிராங்குத் தண்டின் பின்புறச் சீல் பழுதென்று முடிவு செய்தலும் அவசரமே. எண்ணெய் எப்பொழுதும் கீழ்நோக்கியே ஓடும்; காற்றாடியின் காற்றும் அதனைப் பின்னோக்கித் தள்ளும். வால்வு மூடியின் காஸ்கெட்டிலோ, டீசல் ஏற்றும் சிறு பம்பின் அடியிலோ, வடிகட்டியிலோ, எண்ணெய்த் தொட்டியின் விளிம்பிலோ தோன்றும் கசிவு எஞ்சினின் பக்கத்தால் வழிந்து கிளச்சுக் கூட்டின் அடிக்கே வந்து சேரும். பிறப்பிடத்தைக் காண, எஞ்சினின் வெளிப்புறம் முழுவதையும் மண்ணெண்ணெயாற் கழுவி நன்றாக உலரவிடல் வேண்டும். பின்னர் சந்தேகமான இணைப்புகளின் மீது முகப்பூச்சு மாவை மெல்லியதாகத் தூவி, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட்டி நிறுத்திப் பார்த்தால், மா நனைந்திருக்கும் இடங்களுள் மிக உயரத்திலுள்ளதே கசிவின் பிறப்பிடம். வெளிப்புறம் எங்கும் உலர்ந்திருக்க, துவாரத்தில் மட்டும் கரிய எண்ணெய் விழுந்தால் அப்போதே பின்புறச் சீலைக் குற்றஞ்சாட்டலாம்.

இதனோடும் சோதனை முடியவில்லை. நல்ல சீலையும் கசியச் செய்யும் காரணங்கள் சில உள. எண்ணெய் அளவுக் கோலின் மேற்கோட்டுக்கு மேல் எண்ணெய் நிற்றல் ஒன்று. எண்ணெய் ஊற்றாமலே மட்டம் உயர்ந்து டீசல் மணம் வீசுமாயின், டீசல் ஏற்றும் பம்பின் தோல் கிழிந்து டீசல் உள்ளே கலக்கின்றது எனலாம். அவ்வாறு நீர்த்த எண்ணெய் எந்தச் சீலிலும் நிற்காது, பெயாரிங்குகளையும் அழித்துவிடும். இன்னொன்று மூச்சுக் குழாய் அடைபடுதல். சிலிண்டரிலிருந்து கீழிறங்கும் வாயு இக்குழாயால் வெளியேற வேண்டும். குளவி கூடு கட்டியோ, சேறு உலர்ந்தோ குழாய் அடைபட்டால் உள்ளமுக்கம் உயர்ந்து எண்ணெயை எல்லா இணைப்புகளாலும் வெளியே தள்ளும்.

மூச்சுக் குழாய் திறந்திருந்தும், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று துடிப்புடன் எழுமாயின் பிஸ்டன் வளையங்களே தேய்ந்துவிட்டன. அத்தகைய எஞ்சினுக்குப் புதிய சீல்களை இடுவது, ஓட்டைக் கூரையின் கீழ் நின்று சுவருக்கு வெள்ளையடிப்பதைப் போன்றது. முதலில் எஞ்சினைச் செப்பனிடுவதா, அன்றேல் அடிக்கடி எண்ணெய் ஊற்றிக் காலந்தள்ளுவதா என்று கணக்குப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும்.

பிரிக்கும் காலம்

கிளச்சு வழுக்கவில்லை, நாளொன்றுக்குச் சில துளிகளே விழுகின்றன, உழவோ நாளை தொடங்குகின்றது எனின், பிரித்தல் வேண்டா. துவாரத்தைத் திறந்து வைத்து, காலையிலும் மாலையிலும் எண்ணெய் மட்டத்தைப் பார்த்து, போகத்தை முடித்துக்கொள்ளலாம். துளி தாரையாகுமாயின் நிறுத்துக. வழுக்கல் தொடங்கிய கிளச்சை அடுத்த போகத்துக்குக் கொண்டுசெல்ல எண்ணுதல் ஆகாது. அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடையிலுள்ள மாதங்களே இவ்வேலைக்கு உரியன. அப்போது கராச்சிலும் நெருக்கம் இராது. சாமான்களின் விலையை இரண்டு மூன்று கடைகளில் விசாரிக்கவும் அவகாசம் உண்டு.

எண்ணெய் ஊறிய தட்டைப் பெற்றோலிற் கழுவிப் பூட்டலாம் என்று சிலர் ஆலோசனை கூறுவர். பட்டையின் உட்புறத்தில் ஊறிய எண்ணெய் கழுவினாற் போவதில்லை. சூடேறியதும் மேலே வந்துவிடும். அத்தட்டு கழிக்கப்பட வேண்டியதே.

இயந்திரத்தை இரண்டாகப் பிரித்தல்

இது பழகிய திருத்துநர் செய்யவேண்டிய வேலையாகும். ஆயினும் கமக்காரர் அருகிலிருந்து சிலவற்றைக் கவனித்தல் நன்று. பற்றறியின் இணைப்பை முதலிற் கழற்றுதல் வேண்டும். மேற்கூடு, மின்கம்பிகள், டீசற் குழாய்கள், வழிநடத்தும் நீண்ட கோல்கள் ஆகியன கழற்றப்பட்ட பின்னர், முன் அச்சுக்கும் அதனைத் தாங்கும் பாகத்துக்கும் இடையில் இரு பக்கமும் மர ஆப்புகள் அடிக்கப்படல் வேண்டும். முன் அச்சு நடுவிலுள்ள ஓர் ஆணியிலேயே ஊசலாடுவதாகும். ஆப்பு இல்லாவிட்டால் பிரிந்த கணத்திலேயே எஞ்சின் பக்கவாட்டிற் சரிந்து ஆளை நசுக்கும். பின்பாதி உறுதியான தாங்குகட்டைகளில் நிற்றல் வேண்டும். பின்சில்லுகளுக்கும் அடைகட்டை இடுதல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் கீழே செல்லலாகாது. செங்கல் அடுக்கு தாங்குகட்டையாகாது. அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

கூட்டினுள்ளே படிந்திருக்கும் தூளைக் காற்றால் ஊதலாகாது. பழைய பட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. பழைய கயிற்றுச் சீல்களிலும் அவ்வாறே. அதன் தூள் சுவாசப்பையிற் சென்று ஆண்டுகள் பல கழிந்த பின் கொடிய நோயை உண்டாக்கும். ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, துணியைப் பையில் இட்டுக் கட்டிவிடுதல் நன்று.

கழற்றிய தட்டில் பட்டை, ஆணித்தலைகளின் மட்டத்துக்கு அருகே வந்திருப்பின் அதன் ஆயுள் முடிந்தது. ஆணித்தலைகள் பிளைவீலின் முகத்தைக் கீறியிருந்தால் அல்லது சூட்டினால் நீலநிறப் புள்ளிகளும் வெடிப்புகளும் தோன்றியிருந்தால், அம்முகத்தைக் கடைசற் பட்டறையிற் சமப்படுத்தாது புதிய தட்டை இடுதல் பயனற்றது.

பின்புறச் சீலை மாற்றுதல்

மேற்கூறிய மூன்று சிலிண்டர் எஞ்சின்களின் பழைய அமைப்பில் பின்புறச் சீல் ஒரு கயிறாகும். இரண்டு அரைவளையக் கூடுகளின் உட்பள்ளத்தில் அக்கயிறு பதிக்கப்பட்டு, கூடுகள் கிராங்குத் தண்டைச் சூழ்ந்து பூட்டப்படுகின்றன. பார்வைக்கு எளிதான இவ்வேலையில் தவறு நேர்வது கயிற்றைப் பதிக்கும் முறையிலேயே. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துக்கொண்டே பதித்து, மிஞ்சியதைக் கத்தியால் வெட்டிவிடுவது தவறு. அவ்வாறு செய்தால் முனைகள் குறுகி, இரு கூடுகளும் சேரும் இடத்தில் இடைவெளி உண்டாகும். எண்ணெய் அதனூடாகவே வரும்.

சரியான முறை பின்வருமாறு. அரைக்கூட்டைப் பள்ளம் மேலே தெரியுமாறு பட்டறை மேசையில் வைத்துப் பழைய பசை, அழுக்கு யாவற்றையும் நீக்குக. கயிற்றின் இரு முனைகளிலும் ஏறக்குறைய ஓரங்குல நீளத்தை முதலிற் பள்ளத்திற் பதிக்க. ஒவ்வொரு முனையும் கூட்டின் சேர்முகத்துக்கு மேல் 0.25 முதல் 0.50 மில்லிமீற்றர் வரை, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 முதல் 20 பங்கு வரை, நீட்டி நிற்றல் வேண்டும். இப்போது நடுப்பகுதி வளைந்து மேலெழுந்து நிற்கும். அதனை நடுவிலிருந்து இரு பக்கமும் பெருவிரலால் அமுக்கிப் பதித்து, பின்னர் உருண்டையான வழுவழுப்பான கோலொன்றை உட்புறத்தில் அழுத்தி உருட்டுக. இவ்வாறு செய்யின் முனைகள் நீட்டியபடியே நிற்கும். கூடுகளை இறுக்கும்போது முனையோடு முனை நெருங்கி அடைத்துக்கொள்ளும். கயிற்றின் உட்புறத்தில் பென்சிற்கரி கலந்த கிறீசைத் தடவி, சேர்முகங்களில் இணைப்புப் பசையை மெல்லியதாகப் பூசி, கூடுகளைத் தண்டைச் சுற்றிப் பூட்டுதல் வேண்டும். பின்னர் தண்டைக் கையாற் சுழற்றிப் பார்க்க. ஓரிடத்திலும் இறுகிப் பிடித்தல் ஆகாது.

பிற்கால எஞ்சின்களில் கயிற்றுக்குப் பதிலாக உதடுள்ள றப்பர் வளையம் இடப்பட்டுள்ளது. சுருள்விற் கம்பியுள்ள பக்கம் எண்ணெயிருக்கும் உட்புறத்தை நோக்குதல் வேண்டும். பழைய உதடு உராய்ந்த இடத்தில் தண்டில் மெல்லிய பள்ளம் விழுந்திருப்பதை நகத்தால் உணரலாம். புதிய உதடு அதே பள்ளத்தில் அமர்ந்தால் சில நாட்களில் மீண்டும் கசியும். ஆகவே கூடு இடங்கொடுக்கும் அளவுக்கு வளையத்தைச் சிறிது முன்னோ பின்னோ தள்ளிப் பதிப்பது வழக்கம்.

இயந்திரம் பிரிந்திருக்கும்போதே நடுப்பெயாரிங், விரல்களைத் தள்ளும் பெயாரிங், கியர்ப்பெட்டித் தண்டின் சீல் ஆகிய மூன்றையும் மாற்றிவிடுதல் சிக்கனமாகும். இவற்றின் விலை, மறுமுறை பிரிக்கும் கூலியோடு ஒப்பிடுமிடத்துச் சிறிது. திருத்துநர் சொல்லாவிடினும் கமக்காரர் இதனைக் கேட்டுப் பெறல் வேண்டும். பழைய பாகங்களையும் தமக்குக் காட்டும்படி கேட்கலாம். அது மரியாதைக் குறைவன்று.

ஏனைய இணைப்புகள்

வால்வு மூடியின் தக்கைக் காஸ்கெட்டு கசிவது பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சி இறுக்கியதனாலேயே. தகட்டு மூடியின் விளிம்பு ஆணியுள்ள இடங்களிற் குழிந்து, இடையில் மேலெழுகின்றது. புதிய காஸ்கெட்டை இடுமுன் விளிம்பைச் சமமான இரும்பின் மீது வைத்துச் சிறு சுத்தியலால் தட்டி நேராக்குதல் வேண்டும். எண்ணெய்த் தொட்டியின் விளிம்பும் அவ்வாறே.

இக்காலத்தில் குழாயில் அடைத்து விற்கப்படும் சிலிக்கன் பசையைக் காஸ்கெட்டுக்குப் பதிலாக விரற்கனத்துக்கு அப்புவோர் பலர். வெளிப்புறத்தில் பிதுங்கி நிற்பதைப் போன்று உட்புறத்திலும் அது பிதுங்கும். உட்பிதுங்கல் நாளடைவில் அறுந்து எண்ணெய்த் தொட்டியில் விழுந்து, பம்பு உறிஞ்சும் வலையை அடைக்கும். எண்ணெய் கிடையாத எஞ்சின் சில நிமிடங்களிற் கெட்டுப்போகும். ஒரு துளிக் கசிவை நிறுத்தப்போய் எஞ்சினையே இழப்பது இவ்வாறுதான். பசை வேண்டுமிடத்து நூலளவு போதும்.

வடித்த பழைய எண்ணெயைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறை எதனையும் தடுக்காது நிலத்தடி நீருக்கு அனுப்பிவிடும். அந்நீரே தோட்டத்துக்கும் குடிப்பதற்கும் உரியது. மூடியுள்ள கலனிற் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்தல் வேண்டும்.

பூட்டியபின்

தட்டைப் பூட்டுவோரின் கையில் எண்ணெயோ கிறீசோ இருத்தல் ஆகாது. பட்டையில் விரல் அடையாளம் படினும் கிளச்சு உதறும். தட்டு நடுவில் நிற்கும்படி பழைய கியர்ப்பெட்டித் தண்டொன்றையோ அதற்கென்று கடைந்த கோலையோ செருகிக்கொண்டே அமுக்கத் தட்டு இறுக்கப்படல் வேண்டும். இரு பாதிகளையும் சேர்க்கும்போது அவை கைத்தள்ளலில் நெருங்காவிடின் ஆணிகளைப் பூட்டி இறுக்கி இழுத்தல் ஆகாது. தண்டின் பற்கள் தட்டின் பள்ளங்களோடு பொருந்தவில்லை என்பதே அதன் பொருள். இழுத்தால் புதிய தட்டின் நடுப்பாகம் வளைந்துவிடும். பிளைவீலைச் சிறிது சுழற்றிவிட்டு மறுபடியும் தள்ளிப்பார்க்க.

சேர்த்து முடிந்ததும் வெறும் நகர்வை அளவுப்படி வைத்து, கூட்டின் அடித்துவாரத்தில் புதிய பிளவாணியை மாட்டுதல் வேண்டும். முதல் நாளில் ஆழ உழவு செய்யாது, வெற்றுப் பெட்டியோடு ஓடவிடுக. புதிய பட்டை தன் இடத்தில் அமரும்போது சிறிது தேயும். ஆகையால் பத்து மணி நேர ஓட்டத்தின் பின் வெறும் நகர்வை மீண்டும் அளந்து சரிசெய்க. அப்பொழுதே துவாரத்தின் கீழ் ஒரு கடதாசியை ஓரிரவு விரித்துவைத்து, காலையில் அதில் கறை உண்டா என்று பார்க்க.